இருபத்தொன்பதாம் நோன்பு மாலையும் எங்கள் அண்ணனின் தூரக்கண்ணாடியும்

எங்கள் அருமை அண்ணன் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப்பேர் அவருடைய தூரக்கண்ணாடியில் ஒரு முறையாவது சந்திரனைப் பார்த்தவர்கள். இரண்டும் செய்யாதவர்கள் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நோன்பு மாதத்து மாலையொன்றில் அந்தத் தூரக்கண்ணாடியால் குளச்சலில் நடந்த காரியம் இப்போது நான்கு விதமாகச் சொல்லப்படுகிறது. அண்ணன் ஒரு பெருநாளையே நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை. அடுத்த வீட்டு மைதீன் பொய் சொன்னார் என்று இன்னொரு கதை. மற்ற இரண்டும் இவற்றைவிட மோசம். துக்கவீட்டுக்கு வந்தவர் ஒருவர் என்னிடமே இரண்டாவது கதையைச் சொன்னார். அன்று அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். எனக்கும் வயது அறுபத்தேழாகிறது. நான் இருக்கும்போதே சரியானதை அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்ற பயம் எனக்கு.

அண்ணன் பிறந்தது குழித்துறையில், ஆற்றங்கரைக்குச் சமீபத்தில். எங்கள் தகப்பனார் சபை உபதேசியார். பிறந்த பிள்ளைகள் ஐந்து பேரில் நிலைத்தவர்கள் அண்ணனும் நானும் மட்டுமே. தகப்பனார் வாந்திபேதியில் மரித்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. மேற்கொண்டு படிக்கும் ஆசையை அவர் அன்றே மடித்து வைத்துவிட்டு, மிஷன் பள்ளியில் கீழ்வகுப்பு வாத்தியாராகச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்து இரணியல் கச்சேரியில் எழுத்தராக்கியது அந்தச் சம்பளம்தான். அண்ணன் படிப்படியாக உயர்ந்து, குளச்சலில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றார். பள்ளியில் அவர் பிரம்பை எடுத்து நான் பார்த்ததில்லை. விடை தப்பாக வந்த பையனிடம், "நீ எப்படி வந்தே, வந்த வழியைச் சொல்லு" என்பார். வழியைச் சொல்லிக்கொண்டு வரும்போதே பையன் தன் தப்பைத் தானே கண்டு நின்றுவிடுவான்.

ஓய்வு பெற்ற வருஷம்தான் தூரக்கண்ணாடி வந்தது. ஐரோப்பிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, அவருடைய சாமான்கள் நாகர்கோவிலில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் தூரக்கண்ணாடிகள் இரண்டு. ஒன்று கப்பல்காரர்கள் வைத்திருப்பது. பித்தளையில் நான்கு மடிப்பாக இழுக்கலாம், பளபளவென்றிருந்தது. மற்றொன்று ஓராள் நீளக் குழல், மூன்று மரக்கால்களின் மேல் உட்கார்ந்திருந்தது. வண்ணம் உரிந்து, பார்ப்பதற்குக் காட்டெருமைக் காலுக்குக் கட்டுப்போட்டது போல இருக்கும். எனக்குக் கப்பல் கண்ணாடிதான் பிடித்தது. எங்கே போனாலும் மடித்துக் கையில் எடுத்துப் போகலாம் அல்லவா?

அண்ணன் இரண்டையும் வெளியே எடுத்துவரச் சொன்னார். முதலில் முன்கண்ணாடியின் அகலத்தை விரலால் அளந்தார். கப்பல் கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை, நீளக்குழலுக்கு நான்கு. பிறகு நீளக்குழலைத் தூரத்து மலை உச்சியில் ஒரு மரத்துக்கு நேராகத் திருப்பி, குழலைச் சுண்டிவிட்டு, உள்ளே அந்த மரம் ஆடி அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். கப்பல் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துப் பிடித்தும் மரம் அடங்கவே இல்லை.

"எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்னு கேளும் அண்ணே" என்றேன்.

"அதை விக்கிறவன் சொல்லுவான். வெளிச்சம் எவ்வளவு உள்ள வருது, கால் ஆடுதா, அதுதான் நாம பாக்கணும்."

நான் நீளக்குழலில் பார்த்தேன். மலை வானத்திலிருந்து தொங்கியது. "இதுல எல்லாம் தலைகீழால்லா தெரியுது?"

"நட்சத்திரத்துக்குத் தலை ஏதுலே, கால் ஏது?"

அதையே எடுத்தார். கண்வைக்கும் பக்கத்துக்குச் சிறிய கண்ணாடிகள் மூன்று கொடுத்தார்கள். ஒன்று உடைந்தது, ஒன்றில் பூசணம். உபயோகப்பட்டது ஒன்றே. அண்ணன் கடைசிவரை அந்த ஒன்றை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்த்தார். இதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனின் வீட்டுப் பின்வளவில் தென்னைகள் பதினொன்று. வானம் தெரிவதற்காக மேற்கே இரண்டை வெட்டலாமா என்று கேட்டார். "காய்க்கிற மரத்தை வெட்டிட்டு வெள்ளியைப் பாத்து வயிறு நெறையுமா?" என்றார் மதினி. அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆகவே மேற்கே இரண்டு மரங்களுக்கு இடைப்பட்ட ஒரு சந்துதான் அண்ணனுக்குக் கிடைத்த வானம். அந்தச் சந்துக்கு நேராக மூன்று கற்களைத் தரையில் புதைத்து, குழலின் கால்களை அவற்றின் மேல் நிறுத்துவார். பொழுது சாயுமுன்னே வெளியில் வைத்துவிடுவார். வீட்டுச் சூடு குழலுக்குள் இருந்தால் பிம்பம் கானல்போல நெளியும். கடற்காற்றின் ஈரம் ஏறாதபடி பெட்டிக்குள் சுட்ட சுண்ணாம்புக் கட்டியைத் துணியில் முடிந்து போடுவார். மேலே தேங்காய்க் குலை முற்றியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை. ஆனால் நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது?

மைதீன் அடுத்த வளவுக்காரர், கொப்பரை வியாபாரி. அண்ணனைவிட இருபது வயது இளையவர். ஐந்து வேளையும் தொழுகிறவர், அதிகம் பேசாதவர். வேலியின் இடைவெளி வழியாக வந்து, "சாரே, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே குழலருகில் நிற்பார். வியாழனின் நான்கு சந்திரன்களையும் சனியின் வளையத்தையும் இந்த ஊரில் அண்ணனுக்கு அடுத்தபடி கண்டவர் அவரே. மூன்றாம் பிறையைக் குழலில் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் பின்வாங்கி, "கொழலுக்குள்ள அடங்கலியே சாரே" என்றார். அண்ணன் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அதற்கு அடுத்த மாதம் நோன்பு பிடித்தது. மைதீன் மாலைகளில் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார், குழலருகில் வரவில்லை. அந்த நாட்களில் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளியை. சூரியன் அடைந்ததும் மேற்கே பிரகாசிக்கும் அந்த வெள்ளி, குழலில் பார்த்தால் சந்திரனைப் போலவே தேயும். முதலில் பாதி வட்டமாக இருந்தது. வரவர மெலிந்து, மாதக் கடைசியில் சுத்தமான பிறை வடிவமாகிவிட்டது. வெறுங்கண்ணுக்கு அது எப்போதும் ஒரு பொட்டு வெளிச்சம்தான். குழலில் மட்டுமே பிறை. இதை அண்ணன் எனக்குக் காட்டினார், மதினிக்குக் காட்டினார். மைதீனுக்குக் காட்டச் சந்தர்ப்பம் வரவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு முடிந்த மாலை. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பும் நோற்க வேண்டும். ஊர் முழுவதும் கடற்கரையில் நின்றது. மேற்கே கடல்மேல் மேகம் சுவர் வைத்தாற்போல இருந்தது. அண்ணன் பஞ்சாங்கத்தைப் பார்த்து, இன்று சந்திரன் சூரியனோடு ஒட்டி இறங்கிவிடும், தெரிய வழியே இல்லை என்று எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். மேகத்துக்கு மேலே ஒரு திறப்பில் வெள்ளி தெரிந்தது. அண்ணன் குழலை அதற்கு நேராக வைத்தார். அந்நேரம் மதினி காப்பிக்குக் கூப்பிட்டார். இருவரும் உள்ளே போனோம்.

தம்ளரைக் கையில் எடுத்திருப்பேன். பின்வளவில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு வேலி சரசரத்தது. பிறகு தெருவில் ஓட்டம். "மைதீன் கண்டுட்டாரு, பிறை கண்டாச்சு" என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். கடற்கரையில் ஒன்றும் தெரியாமல் திரும்பிய மைதீன், குழல் மேற்கு நோக்கி நிற்பதை வேலிக்கு அப்பாலிருந்து கண்டு, வழக்கம்போல உள்ளே வந்து கண் வைத்திருக்கிறார்.

அண்ணன் வெளியே வந்து குழலில் ஒரு பார்வை பார்த்தார். மேகம் திறப்பை மூடிவிட்டிருந்தது. மைதீன் கண்டது வெள்ளியைத்தான் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"அண்ணே, சும்மா இரும்" என்றேன். "அவங்க பெருநாளு. அவங்க பாத்துக்கிடுவாங்க. இந்தத் தெருவுல நம்ம வீடு ஒண்ணுதான் வேதக்கார வீடு."

"எனக்க கொழலுலல்லாலே கண்டது?"

அவர் தயங்கியதையும் நான் சொல்ல வேண்டும். பேசாமலிருந்தால் ஒரு ஊரே தன் கண்ணாடியை நம்பி ஒரு நோன்பை இழக்கும். பேசினால், அடுத்த வளவு மைதீன் தன் ஊரார் அத்தனை பேர் முன்னிலையிலும் பொய்ச்சாட்சிக்காரராவார். பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். விட்டுவிட்டு இருக்க முடியுமா?

பள்ளிவாசல் முன்னால் நாற்பதுக்குமேல் ஆட்கள். பிள்ளைகளை நான் சேர்க்கவில்லை. பாங்கு சொல்லும் மோதினார் நகரா முரசை அடிக்கும் கம்பைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். அது ஒலித்தால் பிறகு திருப்ப முடியாது. சத்தம் கேட்ட இடமெல்லாம் நாளைக்குப் பெருநாள். ஊரின் மார்க்கப் பெரியவர், எல்லோரும் ஆலிம்சா என்று அழைப்பவர், படியில் நின்று மைதீனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணால கண்டியா, கொழலுல கண்டியா?"

"கொழலுலதான், ஆலிம்சா. தலகீழா இருந்துது. சாருக்க கொழலு அப்படித்தான் காட்டும். திருப்பி நினைச்சுப் பாத்தேன். நம்ம பிறைதான்."

"கொழலுல கண்டது செல்லுமான்னு நான் யோசிக்கணும்" என்றார் ஆலிம்சா.

"யோசிச்சு முடியுமுன்ன விடிஞ்சிரும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். "எனக்க வீட்டுல ஆடு கெட்டிக் கெடக்கு. நாளைக்கா மறுநாளான்னு அதுக்காவது சொல்லணும்லா?"

சிரிப்பு எழுந்தது. பகலெல்லாம் வெயிலில் நோன்பிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எத்தனை இனிப்பாக இருந்திருக்கும் என்பது முகங்களிலேயே தெரிந்தது. மோதினார் கம்பை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார்.

"ஆலிம்சா, ஒரு வார்த்தை" என்றார் அண்ணன். "இன்னைக்குப் பிறை தெரிய வழியில்லை. அமாவாசை..."

ஆலிம்சா கையை உயர்த்தினார். "சாரே, உமக்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா பஞ்சாங்கம் சொல்லாண்டாம். எங்களுக்குக் கணக்கு இல்லை. கண்டவன் சாட்சி மட்டும்தான்."

ஆயுசு முழுவதும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரிடமிருந்து கணக்கைப் பிடுங்கிவிட்டால் கையில் என்ன இருக்கும்?

பின்னாலிருந்து ஒருவர், "பிறை நமக்கு, வழக்கு வேதக்காரருக்கா?" என்றார். நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சரி, கணக்கு வேண்டாம். கண்டவன்கிட்டயே ஒண்ணு கேக்கலாமா?"

ஆலிம்சா தலையசைத்தார். அண்ணன் மைதீனுக்கு நேராகத் திரும்பினார். வகுப்பில் பையனிடம் கேட்கிற அதே மெல்லிய குரல்தான் அப்போது வந்தது.

"மைதீனே, நோன்புக்கு முந்தின மாசம் மூணாம் பிறையை இதே கொழலுல பாத்தே. எம்புட்டு இருந்துது?"

மைதீன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். அவர் கண்கள் அண்ணனை விட்டு அகன்று, தரையில் எங்கோ பதிந்தன. அந்த மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பது அங்கே எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். "பெருசாத்தான் இருந்துது" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேலே கேட்க ஆளில்லை. நகரா ஒலித்திருக்கும்.

"சொல்லு மக்கா" என்றார் ஆலிம்சா.

"வட்டத்துக்குள்ள அடங்கல" என்றார் மைதீன். "ரெண்டு முனையும் வெளிய போச்சு."

"இன்னைக்குக் கண்டது?"

மைதீன் வலதுகைச் சுண்டுவிரலைத் தூக்கி, பெருவிரலால் அதன் நகத்தைத் தொட்டுக் காட்டினார். "இம்புட்டுதான்."

மோதினாரின் கம்பு கீழே இறங்கியது. ஆட்டுக்காரர் தன் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"அப்பம் சந்திரன் ரெண்டு மாசத்துல சுருங்கிச்சா?" என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவர் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமலே மைதீன் ஆலிம்சாவிடம் திரும்பினார்.

"நான் கண்டது பிறை இல்லை, ஆலிம்சா. வேற என்னமோ. தப்பாச் சொல்லிட்டேன்."

"வெள்ளி" என்றார் அண்ணன். "கொழலுல அது பிறை மாதிரி தெரியும். எனக்கே இதைச் சொல்லி வைக்கத் தோணாமப் போச்சு."

ஆலிம்சா மோதினாரின் கையிலிருந்த கம்பை வாங்கிக் கதவோரம் சாத்தினார். "முப்பது" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு உள்ளே போனார். நடந்தது இவ்வளவுதான். அண்ணன் பெருநாளை நிறுத்தவில்லை. மைதீன் பொய் சொல்லவும் இல்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. மறுநாள் நல்ல வெயில். மதினி வைத்த சோற்றை அண்ணன் தொடவில்லை. "அவங்க நோன்புக்கு நீரு எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" என்று மதினி சண்டைபிடித்தார். பசியில்லை என்றார். மைதீனுக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் விழுந்தது. "வெள்ளி போறாரு பாரு" என்பார்கள், "மைதீனே, இன்னைக்கு எந்த நட்சத்திரத்துக்குப் பெருநாளு?" என்பார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வேலி இடைவெளியில் ஒரு ஓலைத்தட்டி வந்துவிட்டது. அண்ணன் இரண்டு தடவை அவருடைய கொப்பரைக் களத்துக்குப் போனார். இரண்டு தடவையும் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். குழல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதன் காரணமாக அண்ணன் இளைத்துப்போனதை நான் பார்த்தேன். ஊரைச் சரியான நாளில் நிறுத்திவிட்டு ஒரு மனிதரை இழந்துவிட்டோம் என்ற நினைப்பு அவரை அரித்தது.

அடுத்த வருஷம் அதே இருபத்தொன்பதாம் மாலை. வானம் வெளுப்பாக இருந்தது. கடற்கரையில் மூன்று பேர் பிறை கண்டதாகச் சொன்னார்கள். நானும் அண்ணனும் கூட்டத்துக்கு வெளியே நின்றோம். ஆலிம்சா மூன்று பேரையும் கேட்டுவிட்டு, "மைதீன் எங்க? அவன் கண்டானா?" என்றார்.

"வெள்ளிக்காரனையா கேக்கிய?" என்று ஒருவர் சிரித்தார்.

"அவனைத்தான் கேக்கேன். கண்டதைக் கண்டேன்னு எல்லாரும் சொல்லுவான். காணலன்னு தெரிஞ்சதும் ஊருக்கு முன்னால காணலன்னு சொன்னவன் ஒருத்தன்தான் இங்க உண்டு."

மைதீனை அழைத்துவந்தார்கள். அவர் வெகுநேரம் மேற்கே பார்த்தார். "காணல" என்றார். கூட்டம் முணுமுணுத்தது. ஆலிம்சா அசையவில்லை. மைதீனும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "இப்பம் கண்டேன். கண்ணால" என்றார். நகரா ஒலித்தது. ஓலைத்தட்டி மறுநாள் காலையில் வேலியில் இல்லை. அந்த வழியாக ஒரு தட்டுச் சோறும் இறைச்சியும் வந்தன. பின்னால் மைதீனும் வந்தார். "சாரே, கொழலுல பூசணம் புடிச்சிருக்கும். எடும், தொடைப்போம்" என்றார்.

கடைசி நாட்களில் அண்ணனின் இரண்டு கண்களிலும் படலம் மூடிவிட்டது. நெஞ்சிலும் நோவு. கட்டிலைப் பின்வாசல் ஓரமாகப் போட்டோம். ஒவ்வொரு மாலையும் மைதீன் குழலை எடுத்து வைத்து, தான் காண்பதை அங்கிருந்தே அண்ணனுக்குச் சொல்லுவார். அண்ணன் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

கடைசி மாலையில் வைத்தியர் இனி விடிவது கஷ்டம் என்று சொல்லிப் போயிருந்தார். வானம் முழுவதும் மேகம். அண்ணன் உள்ளேயிருந்து, "என்ன தெரியுது?" என்றார். நான் மைதீனிடம் போய், காதோடு, "சனி தெரியுதுன்னு சொல்லும். வளையம் நல்லாத் தெரியுதுன்னு சொல்லும். ஒரு வார்த்தைதானே" என்றேன்.

மைதீன் என்னைப் பார்த்தார். "அவருக்கிட்ட அது வராது எனக்கு" என்றார். உள்ளே போய்க் கட்டிலருகில் குனிந்தார்.

"மேகம், சாரே. ஒண்ணும் தெரியல."

"கிழக்க?"

"கிழக்கயும் மேகம்தான்."

அண்ணன் சற்றுநேரம் மூச்சு வாங்கினார். "அப்பம் சரி" என்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார். விடியுமுன்னே கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார்.

அண்ணனுக்கு நாற்பத்தொரு வருஷம் சோறு போட்டு, சண்டையும் போட்ட மதினிக்கும், அழைக்காமலே வந்த வைத்தியருக்கும், மழையில் நின்று பாடிய சபைப் பாடகர் ஒன்பது பேருக்கும், கல்லறைத்தோட்டத்து வாசல்வரை நடந்துவந்த ஆலிம்சா அவர்களுக்கும், பெட்டியைச் சுமந்த பழைய மாணவர்கள் ஆறு பேருக்கும் எங்கள் குடும்பத்தார் கடமைப்பட்டிருக்கிறோம். யாரையாவது விட்டிருப்பேனோ என்று மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இன்னும் பயமாகவே இருக்கிறது. விட்டிருந்தால் என் மறதி, எங்கள் மனம் அல்ல.

மைதீன் அவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நான் கேட்டதை நீர் செய்யாததற்கு நன்றி. அன்று வானத்தில் மேகம்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.